ஒட்டிக்கொண்ட இரண்டு டிக்கெட்டுகள்

அன்புள்ள முனவ்வர் காக்காவுக்கு, உம்மா சொல்லச் சொல்ல உங்கள் தங்கை ஜுமைலா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உம்மா, உப்பா, நான், ஆடுகள் எல்லாரும் சுகம். ஷார்ஜாவில் நீ சுகம்தானே என்று எழுதச் சொல்கிறாள் உம்மா. நீங்கள் சுகம் என்பது எனக்குத் தெரியும். போன வியாழக்கிழமை காலை துவைக்க உப்பாவின் சட்டையை எடுத்தபோது பையில் கோடாலித் தைலம் ஒரு புது பாட்டில் இருந்தது, சீல்கூட உடைக்கவில்லை. நம் வீட்டுத் தைலம் நோன்பிலேயே தீர்ந்துபோனது, இனி நீங்கள் வந்தால்தான் புதிது வரும். கூடவே வண்டூர் செவன்ஸ் ஃபுட்பால் ஃபைனலின் கேலரி டிக்கெட் இரண்டு, வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. உப்பாவோடு ஆட்டத்துக்குப் போகிறவர் அவர் அண்ணன் மூத்தாப்பாதான், அவரோ கமிட்டி ஆள், டிக்கெட் வாங்குவதில்லை. அப்படியானால் இரண்டாவது யாருக்கு என்று உப்பாவைக் கிணற்றடியில் கேட்டேன். நான் எதையும் கேட்கிற பெண் இல்லை என்பதால் அவர் பயந்துபோய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நடுவில் ஒரு தடவை மட்டும், மெல்லப் பேசுடி மோளே, உம்மாவுக்குக் கண்ணுதான் மங்கியிருக்கு, காது மங்கலை, என்றார்.

மூத்தாப்பா மௌத்தாகிவிட்டார் என்று கடை முதலாளியிடம் அழுது நான்கு நாள் லீவு வாங்கினீர்களாம். அந்த மூத்தாப்பாவே கேலரியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மௌத்தான ஆளுக்கும் ஒரு பொட்டலம் கடலை வாங்கிக் குடுடா, கப்ருல பசிக்குது, என்றாராம். கரிப்பூர் ஏர்போர்ட்டில் இறங்கி மஞ்சேரி லாட்ஜில் தங்கி, ஜீப்பில் வண்டூருக்குப் போகும்போது நம் வீட்டுத் திருப்பத்தில் தலைமேல் துண்டைப் போட்டுக் குனிந்துகொண்டீர்களாம், உம்மா பார்த்தால் ஆட்டத்துக்கு விடமாட்டாள் என்று. உம்மா அந்த நேரம் ரோட்டோரத்தில்தான் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது என்று உப்பா எனக்கு ஆறுதல் சொன்னார். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு, பெனால்டியிலும் சமம், கடைசியில் காசு சுண்டிப் போட்டதில் நம் ஊர் கிளப் தோற்றது. கடல் தாண்டி வந்து பூவா தலையா பார்த்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அந்த நான்கு நாளுக்குப் பதிலாக முதலாளி உங்கள் இரண்டு மாத லீவை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டான் என்பதை உப்பா கடைசியாகத்தான் சொன்னார், வாளியைக் கிணற்றில் விட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல்.

முனவ்வர் வந்து கையைப் பிடிச்சாத்தான் கத்திக்குப் படுப்பேன் என்று உம்மா கண் ஆபரேஷனை அந்த லீவுக்காகத் தள்ளி வைத்திருந்தது உங்களுக்குத் தெரியும். மழைக்கு முன்னால் செய்யாவிட்டால் இடது கண்ணுக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொன்னதும் தெரியும், நானே எழுதினேன். உப்பா கூட்டிப்போகிறேன் என்றால் உம்மா வரமாட்டாள். போன தடவை ஆஸ்பத்திரியில் அவளை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர், பக்கத்து வயலில் ஆட்டம் முடிந்து சாயங்காலம்தான் வந்தார்.

வெள்ளிக்கிழமை உம்மா காலண்டரைத் தடவிக்கொண்டு, முனவ்வர் வர இன்னும் எத்தனை நாள் என்று கேட்டாள். தினமும் கேட்பாள், தினமும் எண்ணிச் சொல்வேன். அன்றைக்கு எனக்கு எண்ண வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உம்மா முறத்தை எடுத்து அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள். கல்லைச் சட்டியில் போட்டு அரிசியை வாசலில் எறிந்தாள், நான் தடுக்கவில்லை. பிறகு, யாரு ஜெயிச்சா என்றாள். சொன்னேன். ஜீப்பை விட்டு இறங்கி வந்திருந்தா பத்திரி சுட்டுக் குடுத்து நானே ஆட்டத்துக்கு அனுப்பியிருப்பேனே, பெத்தவளை இவ்வளவுதான் தெரிஞ்சு வெச்சிருக்கானா, என்றாள். உப்பாவிடம் இன்றுவரை பேசவில்லை. சோறு மட்டும் போடுகிறாள்.

இப்போது எழுதச் சொல்வதையும் எழுதிவிடுகிறேன். வெயிலில் திரியாதே, எண்ணெய்ப் பலகாரம் கடையில் மிஞ்சினால் தின்னாதே, ஐந்து நேரமும் தொழு. உடம்புக்கு ஒன்றும் வராமல் அல்லாஹ் உன்னைக் காப்பான், என் துஆ எப்போதும் உண்டு, அதற்கு லீவு கிடையாது என்கிறாள். பக்கத்து வீட்டு போனுக்கு ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் கூப்பிடு, மறக்காதே என்கிறாள். அதைச் சொன்னபோது குரல் சரியாக இல்லை, அதனால் நானும் சொல்கிறேன், மறக்காதீர்கள்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு நான் ரேஷன் கடைக்கு அப்பால் தனியாகப் போனதில்லை. சனிக்கிழமை உம்மாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் பெரிந்தல்மண்ணைக்குப் போனேன். எந்த ஸ்டாப் என்று கண்டக்டர் கேட்டபோது எனக்குக் குரல் வரவில்லை. வாயில என்ன மோளே, கொழுக்கட்டையா என்றார், பஸ்ஸே சிரித்தது. இரண்டாவது பஸ்ஸில் சத்தமாகச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமைக்கு ஆபரேஷன் தேதி கொடுத்து ஒரு படிவம் தந்தார்கள். அதில் நோயாளியுடன் இருக்கும் மகன் என்று அச்சடித்திருந்தது. மகன் என்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
உம்மா மறியும்மா
(கைநாட்டு)
எழுதியது ஜுமைலா