ஓரமா நில்லு

என் செல்ல மகளுக்கு,

டிவியை அணைத்துவிட்டாயா என்று நேற்றும் ஃபோனில் கேட்டாய். அணைத்துவிட்டதாகப் பொய் சொன்னேன்.

தலைவரின் இறுதி ஊர்வலத்தை இன்னும் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பீரங்கி வண்டி திரும்பும் இடத்தில், தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு ஆம்புலன்ஸ் தெரிகிறது. "பாருங்க, ஆம்புலன்ஸ்கூட நின்னு மரியாதை செலுத்துது" என்கிறான் டிவிக்காரன். அவன் நாக்கு அழுகிப்போக! "பெரிய மனுஷன் போறாரு, ஓரமா நில்லுப்பா" என்று போலீஸ்காரர்தான் எங்களை நிறுத்தினார்.

உள்ளே அப்பா பேண்டு சத்தம் கேட்டு, "யாருக்குடி இவ்ளோ அமர்க்களம்?" என்றார். "உங்களுக்குத்தான், கொத்தனாரே" என்றேன். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார்.

எப்படியம்மா அணைப்பேன்? அந்த ஆம்புலன்ஸ் அங்கே நிற்கிறவரைக்கும் அப்பா உயிரோடுதானே இருக்கிறார்.

உன் அம்மா