பார்க்காமல் போட்ட கையெழுத்து

13 ஜூன் 2025, வெள்ளி
சோதனையில் தேறாத சிப்புகளை அரைத்ததற்கான ஆறு தாள்களிலும் மதியமே சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அரைப்பது ஐந்தரைக்கு மேல். வீட்டுக்குப் போகும் தம்போய் பஸ் ஐந்து பத்துக்கே கிளம்பிவிடும். "நீ போ தங்கச்சி, நான் பாத்துக்கிறேன்" என்றார் கழிவுகளை அரைக்கும் அறையில் வேலை பார்க்கும் செல்லப்பன் அண்ணன். எல்லாரும் செய்வதுதான். பாசிர் கூடாங்கில் நல்ல மழை.

19 ஆகஸ்ட்
வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் இயந்திரம் பாதியில் நின்றுவிட்டதாம். உள்ளே எங்கள் சிப். யாரோ மேல் அச்சைச் சுரண்டிப் புது எண் அடித்து விற்றிருக்கிறார்கள்; உள்ளே பதித்த எண்ணை மாற்ற முடியவில்லை. ஜூன் 13 அன்று அரைத்திருக்க வேண்டிய பெட்டியில் இருந்தது அது. அரைத்ததை நான் பார்த்ததாகத் தாள் சொல்கிறது.
நோயாளி பிழைத்தாரா என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

20 ஆகஸ்ட்
டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தேன்.

21 ஆகஸ்ட்
கேன்டீன் பின்னால் அண்ணன் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு மெஷின் ரோசாக், ஓடவே இல்ல. வெளியில அரைப்பாங்கன்னு சூப்பர்வைசர் ரேமண்ட்தான் பெட்டிய லாரில ஏத்தச் சொன்னாரு. நீ அங்க இல்லன்னு மட்டும் சொல்லு தங்கச்சி, அப்பதான் நான் சொல்றத நம்புவாங்க, போதும்."
போதுமாம். பார்க்காமல் கையெழுத்துப் போட்டவளை எந்த ஃபேக்டரி வைத்துக்கொள்ளும்? பதினெட்டு வருஷம். இந்த மனுஷன் ஏன் அப்பவே சொல்லல — என் கையெழுத்து மாட்டிக்குமேன்னா?

22 ஆகஸ்ட்
கம்பெனி விசாரணை. ஒவ்வொருவராக அழைத்தார்கள். ரேமண்டும் உள்ளே உட்கார்ந்திருந்தார்.
"மெஷின் ஓடுச்சா, ஃபெலிசியா?"
ஓடியது என்றேன்.
"நின்னு பாத்தீங்களா?"
பார்த்தேன் என்றேன். நாக்கு கூசக்கூட இல்லை.
அப்படியானால் அரைத்தது வேறு பெட்டி, மாற்றி வைத்தது செல்லப்பன்தான் என்று எழுதிக்கொண்டார்கள். அவர் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

25 ஆகஸ்ட்
அண்ணனைப் போலீஸ் கூட்டிப்போனது.

14 செப்டம்பர், ஞாயிறு
பூசை முடிந்து தம்போய் பாசாரில் மீன் வாங்கும்போது யாரோ கையைப் பிடித்தார்கள். அண்ணன் மனைவி யோகேஸ்வரி. இளைத்துப்போயிருந்தார். இன்னும் ஜாமீன் கிடைக்கவில்லையாம்.
"நீங்க மட்டும்தான் உண்மைய சொன்னீங்களாம், அவங்கதான் நம்பலையாம். அவரு சொல்லிச் சொல்லி அழுவுறாரு. கோர்ட்ல நீங்கதான் சாட்சின்னு லாயர்கிட்ட பேரு குடுத்துருக்கேன்மா. வருவீங்கல்ல?"
கோர்ட்டில் என் பேர் ஏற்கெனவே இருக்கிறது. கம்பெனி பக்கம்.
"வரேன் அண்ணி" என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தேன்.