கல்யாணப் படத்தின் பின்பக்கம்

கதை சொல்லி என்னைச் சிரிக்கவைத்த அப்பாவுக்கு,

அம்மா உள்ளே தூங்குகிறாள். அத்தை வாசல் அறையில் படுத்திருக்கிறாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். யாராவது தண்ணீர் குடிக்க வந்தால் நாளைக்குப் பரீட்சை என்று சொல்லிக்கொள்ளலாம். பொய் சொல்ல இப்போது எனக்கு நன்றாக வருகிறது. யாரிடமிருந்து வந்தது என்பது வியாழக்கிழமைதான் தெரிந்தது.

நீங்கள் போன பிறகு நடந்ததை முதலில் சொல்கிறேன். அம்மா மறுபடியும் நர்சிங் படிக்கப் போகிறாள். உங்களைக் கட்டிக்கொள்வதற்காக முதல் வருஷத்தோடு விட்டுவந்தாளே, அதே கல்லூரியில். முதலில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள். பிறகு நேரிலும் போய் வந்தாள். சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் பள்ளிக்கூடச் சான்றிதழும் முதல் வருஷ மதிப்பெண் பட்டியலும் அசலாக வேண்டும். நாளை திங்கட்கிழமைதான் கடைசி நாள்.

படிக்கிறவர்கள் விடுதியில்தான் தங்க வேண்டுமாம். அப்படியானால் நான் தச்சநல்லூரில் அத்தை வீட்டில். அம்மாவைத் தடுப்பதற்கென்றே அத்தை நாலு நாளாக இங்கே வந்து இருக்கிறாள்.

"இந்த வயசுல பையத் தூக்கிட்டு காலேஜுக்குப் போறியாக்கும்? ஊரு சிரிக்கும்லா, கோமதி."

"சிரிக்கட்டும் மதினி. சிரிக்கவுகளுக்கும் காய்ச்சல் வரும்லா? ஊசி போட நான்தான் வருவேன். பெரிய ஊசியாப் பாத்து வச்சிருக்கேன்."

நான் சிரிக்கவில்லை. அத்தை பக்கம்தான் நின்றேன். "என்ன விட்டுட்டுப் போறதுக்கு ஒங்களுக்கு ஒரு படிப்பா?" என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் என் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். பாதிப் பின்னலை அவிழ்த்தாள். பிறகு பின்னி முடித்தாள்.

அந்தச் சான்றிதழ்களைத்தான் நீங்கள் தொலைத்துவிட்டீர்களே! எனக்கு மூன்று வயதானபோது, அம்மாவைத் திரும்பச் சேர்க்க நீங்களே அவற்றைப் பையில் எடுத்துக்கொண்டு போனீர்கள். டவுண் பஸ்ஸில் பையை விட்டுவிட்டு இறங்கினீர்கள். இந்தக் கதையைக் கேட்காதவர்கள் நம் தெருவில் உண்டா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸின் பின்னால் ஓடுவீர்கள். கையை ஆட்டி ஆட்டிக் கத்துவீர்கள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "வே, டாட்டா காட்டுனது போதும், வீட்டுக்குப் போரும்" என்பார். கண்டக்டரின் குரலும் நீங்களே, விசிலும் நீங்களே.

சாப்பிட அடம்பிடிக்கும்போதெல்லாம் "பஸ் கதை சொல்லுங்கப்பா" என்பேன். அம்மாவும் சிரிப்பாள். சிரித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். சிரிப்பில் வந்த தண்ணீர் என்றுதான் நினைத்திருந்தேன்.

நகல் வாங்க இரண்டு மாதமாக அவள் போலீஸ் ஸ்டேஷனுக்கும் தாசில்தார் ஆபீசுக்கும் நடக்கிறாள். எந்த பஸ், எந்தத் தேதி என்று கேட்கிறார்களாம். "அவுகளுக்குத்தான் தெரியும். அவுக இப்ப இல்ல" என்று சொல்லிவிட்டு நிற்கிறாளாம்.

அடுத்த மாதம் உங்களுக்கு வருஷத் திவசம் வருகிறது. தனியாகப் படம் எடுத்து மாட்டினால் ஆயுசுக்கு ஆகாது என்று நீங்கள் ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் கல்யாணப் படத்திலிருந்து உங்களை மட்டும் பெரிதாக்கித் தரக் கேட்கச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். ஸ்டுடியோ அண்ணாச்சி, "சட்டத்தக் கழத்திட்டு படத்த மட்டும் கொண்டா, தாயி. கண்ணாடி ஒடஞ்சா என்னையச் சொல்லப்பிடாது" என்றார்.

வியாழக்கிழமை யாரும் இல்லாத நேரத்தில் சட்டத்தைக் கவிழ்த்துப் போட்டேன். பின்னால் உங்கள் ஜவுளிக்கடைக் காலண்டர் தாள் ஒட்டியிருந்தது. எனக்கு மூன்று வயதான அந்த வருஷத்துத் தாள். அதைக் கிழித்து, ஆணிகளை நெம்பி, அட்டையை எடுத்தேன். அட்டைக்கும் படத்துக்கும் நடுவில் அம்மாவின் சான்றிதழ்கள் இருந்தன. மடிப்புக்கூட இல்லை. கூடவே ஒரு கடிதம்: 'இந்த வருடம் வந்தால் சேர்த்துக்கொள்கிறோம்' என்று கல்லூரியிலிருந்து அம்மா பெயருக்கு வந்தது.

அப்படியானால் பஸ்? கண்டக்டர்? நீங்கள் ஓடிய ஓட்டம்?

ஆஸ்பத்திரியில் உங்கள் கடைசி வாரம் நினைவிருக்கிறதா? உங்களை அசைக்காமலே அம்மா படுக்கை விரிப்பை மாற்றினாள். பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ், "யக்கா, நீங்க இதுக்குப் படிச்சவங்களா?" என்று கேட்டார். "ஒரு வருசம் படிச்சேன். சர்ட்டிபிகேட்டெல்லாம் பஸ் ஏறிப் போயிட்டு" என்று அம்மா சிரித்தாள். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். வலி என்று நினைத்து நான் உங்கள் முதுகைத் தடவிவிட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாமே, அப்பா. நர்ஸ் போன பிறகு நாம் மூன்று பேர்தானே இருந்தோம்?

ஒளித்துவைக்கத் தெரிந்த உங்களுக்கு ஏன் எரிக்க மனம் வரவில்லை? என்றைக்காவது எடுத்துக் கொடுக்கலாம் என்று இருந்தீர்களா? மூன்று வயதுக் குழந்தையை விட்டுவிட்டு அவள் போய்விடுவாள் என்று பயந்தீர்களா? உனக்காகத்தான் செய்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைத் தாங்க என்னால் முடியாது.

ஏனென்றால் நானும் அதையேதான் செய்திருக்கிறேன். படத்தை ஸ்டுடியோவில் கொடுத்துவிட்டு, இந்தத் தாள்களை அட்லஸுக்குள் வைத்து நாலு நாளாகப் பள்ளிக்கூடப் பையிலேயே சுமக்கிறேன். திங்கட்கிழமை கடந்துவிட்டால் அம்மா என்னோடே இருந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். இன்று சாயங்காலம் அவள் புடவைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு ஒரு தடவ போயி கெஞ்சிப் பாக்கேன். இல்லன்னா விட்டுருவோம், வடிவு. எங்கம்மைக்கு கல்லிடைக்குறிச்சில அப்பளம் இட ஒரு ஆளு வேணுமாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பஸ் கதைக்குச் சிரிப்பாளே, அதே சிரிப்பு. முந்தானையும் அதே மாதிரி கண்ணுக்குப் போனது. இந்தத் தடவை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அப்பா. எங்கே கிடைத்தது என்று கேட்பாள். எத்தனை நாளாக உன்னிடம் இருக்கிறது என்று கேட்பாள். அரிசி டிரம்முக்கு அடியில் கிடந்தது, இப்போதுதான் பார்த்தேன் என்று ஒரு கதை தயாராக இருக்கிறது. உங்கள் கதை அளவுக்கு நன்றாக இருக்காது. ஆனால் நம்புவாள். நாம் இரண்டு பேரும் என்ன சொன்னாலும் நம்புகிறவள்தானே அவள்.

அந்தக் கதையைச் சொல்ல மாட்டேன். விடிந்ததும், அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்னால், தாள்களை அவள் கையில் கொடுத்து நடந்தது அத்தனையையும் சொல்வேன். உங்களுடையதையும், என்னுடையதையும். அதன் பிறகு உங்கள் படம் இந்த வீட்டில் வேண்டாம் என்று அவள் சொன்னால் உங்களுக்காகப் பரிந்து பேச மாட்டேன். வேண்டும் என்றால் நானே போய் வாங்கிவந்து மாட்டுவேன். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குக் காட்டிவிட்டுத்தான் மாட்டுவேன்.

இப்படிக்கு,
உங்களுக்கும் கோமதிக்கும் பிறந்த
வடிவு