எபிரேயத்தில் எழுதிய லாத்தாவுக்கு

லாத்தா,

இன்று மதியம் கீழ்வீட்டு அரபிக் குடும்பத்தில் விருந்து. காய்ந்த எலுமிச்சையைத் தட்டிப் போட்டு இறைச்சிச் சோறு ஆக்குகிறார்கள். புளிப்பும் கசப்பும் கலந்த அந்த வாசம் படியேறி வந்து என் வீட்டுக்குள் நுழைந்தபோது, மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் எதிர்வீட்டில் இருந்த அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் மாடி இப்படித்தான் மணந்தது.

வளைகுடாவில், இந்த மனாமா நகரின் குதைபியாப் பகுதியில் எங்கள் மளிகைக் கடைக்கு நீங்கள் முதன்முதலாக வந்ததும் காய்ந்த எலுமிச்சை கேட்டுத்தான். நீங்கள் பேசிய அரபியைக் கேட்டு கடையில் நின்ற என் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர், சிரித்துக்கொண்டே மாடி வீட்டுக்கு வந்தார். "எதிர்வீட்டுக்கு வந்திருக்காங்களே லண்டன்கார அம்மா, அவங்க பேசுறது தொண்ணூறு வயசுக் கிழவி பேச்சா இருக்கு!" உங்களுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. அந்த அரபி உங்கள் உம்மாவுடையது என்று பிறகு சொன்னீர்கள். இதே மனாமாவில் பிறந்து வளர்ந்து, மணமான புதிதில் ஊரைவிட்டுப் போன ஒரு பெண் கையோடு கொண்டுபோன பேச்சு. அது அவரிடமே நின்று, உங்களிடம் வந்து, மறுபடி இங்கே வந்திருந்தது.

நாம் பேசியதெல்லாம் அந்த அரபியிலும் என் கடையரபியிலும்தான். அக்கா என்பதற்கு எங்கள் ஊர்ப் பழக்கத்தில் நான் லாத்தா என்பேன், தங்கச்சி என்பதற்கு நீங்கள் உக்தி என்பீர்கள். ஆனால் இப்போது நினைத்தால் எல்லாம் தமிழாகவே காதில் விழுகிறது.

உம்மா பிறந்த வீட்டைத் தேடி வந்திருப்பதாகச் சொன்னீர்கள். அசர் தொழுதுவிட்டு நான் வருவேன். இருவரும் பழைய கடைத்தெருவுக்குப் பின்னால் சந்து சந்தாக நடப்போம். தெருக்கோடியில் கடல் தெரியும் என்பது ஒன்றே உங்களிடமிருந்த அடையாளம். எந்தத் தெருக்கோடியிலும் கடல் இல்லை. மண் கொட்டிக் கொட்டி அதை எங்கோ தள்ளிவிட்டார்கள். ஒருநாள், ஒரு காலத்தில் கரையாக இருந்ததாக யாரோ காட்டிய கார் நிறுத்துமிடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றீர்கள். வெயில் தாழ்ந்திருந்தது. தார் இன்னும் வெதுவெதுப்பாக இருந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு, "இப்போ முழங்கால் வரைக்கும் தண்ணி" என்றீர்கள். எனக்கும் ஒரு கணம் பாவாடை ஓரம் நனைந்த மாதிரி இருந்தது.

நீங்கள் யார் என்று தெரிந்தது மொட்டைமாடியில். என் உம்மா காயல்பட்டினத்திலிருந்து கொடுத்துவிட்ட அரபுத்தமிழ்க் கிதாபை நான் ஓதிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தீர்கள்.

"அரபி மாதிரிதான் இருக்கு. ஒரு வார்த்தையும் புரியலையே?"

"எழுத்துதான் அரபி. உள்ளே இருக்கிறது தமிழ். எங்க ஊர்ப் பொம்பளைங்க இப்படித்தான் படிப்பாங்க."

விரலை அந்த வரிமேல் வைத்து வலமிருந்து இடமாக மெல்ல இழுத்தீர்கள். "என் உம்மாவுக்கு நேர்மாறு. பேச்சு அரபி, எழுத்து இப்ரானி, அதான் எபிரேயம். நாங்க யஹூதிங்க, யூத ஜனங்க, உக்தி. நான் யூத நாட்டுலதான் பிறந்தேன். இப்ரானியிலதான் கவிதை எழுதுறேன்."

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அன்றாடம் பாலஸ்தீனத்து வீடுகள் இடிந்து விழுந்துகொண்டிருந்த காலம் அது. நான் கிதாபை மூடினேன்.

"வீட்டை இடிக்கிறவங்க பேசுற மொழியிலயா எழுதுறீங்க?"

"ஆமா. நிறுத்துன்னு அந்த மொழியிலதானே சொல்லணும்? வேற மொழியில சொன்னா அவங்களுக்குக் காது கேக்காது."

கிதாபை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். மறுநாள் தேநீர்க் குவளையோடு நானே ஏறி வந்தேன். மிச்சத்தையும் கேட்க வேண்டியிருந்தது.

பல மதியங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னீர்கள். புதிதாக வந்தவர்களை அடைத்த கூடார முகாமில் பிறந்தது. காய்ந்த எலுமிச்சை கிடைக்காத அந்த ஊரில், உங்கள் உம்மா பச்சைப் பழங்களை உப்புநீரில் வேகவைத்துக் கூடாரக் கயிற்றில் கோத்துக் காயவைத்தது. அரபியை வாசலோடு விட்டுவிட்டு வா என்று பள்ளியில் சொன்னது. அதன்பின் உம்மா அரபியில் கேட்க, நீங்கள் எபிரேயத்தில் பதில் சொல்லியே வளர்ந்தது. முதலில் அச்சான கவிதை அந்தக் கயிற்றைப் பற்றியது. அதை அரபியாக்கி உம்மாவுக்குச் சொல்லிக் காட்டினீர்களாம். அவர் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. கயிறு அவ்வளவு நீளம் இல்லையே" என்றாராம். இதைச் சொல்லிவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பில் புறாக்கள் எழும்பிப் பறந்தன.

புத்தகங்கள் வந்தன, பரிசும் வந்தது. பள்ளியில் இலக்கியம் சொல்லிக்கொடுத்தீர்கள். பிறகு, இடிக்க வந்த இயந்திரத்துக்கு முன்னால் ஒரு பாலஸ்தீனக் குடும்பத்தோடு போய் உட்கார்ந்தீர்கள். அந்த வீடு தப்பவில்லை. உங்களைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். பள்ளி வேலை போயிற்று. வாசிக்கப் போன அரங்குகளில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மறுபடி மறுபடி போய் உட்கார்ந்தீர்கள். உங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு இங்கே அனுமதி இல்லை; பிரிந்துபோன லண்டன் கணவர் வழியாகக் கிடைத்த பாஸ்போர்ட்டில்தான் இங்கே வர முடிந்தது. "அங்கே என்னை அரபிச்சிங்கிறாங்க. இங்கே தெரிஞ்சா யஹூதி. எனக்கு இந்த மொட்டைமாடிதான் சரி" என்றீர்கள்.

அந்த வேளையில்தான் செல்வி வந்து கதவைத் தட்டினாள். பக்கத்துத் தெருவில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு இருந்தவள், இராமநாதபுரத்துப் பெண். முன்கை முழுக்கச் சூட்டுக் காயம்.

"தமிழாளுக இருக்கீகன்னு சொன்னாக. கதவத் தெறங்கக்கா. ஊருக்குப் போகணும், விட மாட்டேங்கிறாக."

உள்ளே இழுத்து உட்கார வைத்தேன். என் மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. "இவ கபீல், விசா குடுத்த முதலாளி, வந்து நின்னான்னா நம்ம கபீலுக்குச் சேதி போகும். விசா போச்சுன்னா கடை, பிள்ளைங்க படிப்பு எல்லாம் கலாஸ்." அவர் சொன்னதில் பொய் இல்லை.

சத்தம் கேட்டு நீங்கள் வந்தீர்கள். செல்வியின் கையைப் பார்த்தீர்கள். "செருப்பைப் போடு, உக்தி. எனக்குத் தமிழ் தெரியாது, நீ கூட வரணும்."

தூதரகத்தில், முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி, அழைத்து வந்தவரின் அடையாள அட்டை எங்கே என்றார். நான் கைப்பையைத் திறப்பதற்குள் உங்கள் பாஸ்போர்ட் மேசைமேல் இருந்தது. பிறந்த இடம் என்ற வரியில் அவர் கண் நின்றது.  என் அட்டையைக் காட்டியிருந்தால் என் வீட்டுக்கு வந்திருக்கும் ஆபத்தை, இழுத்து உங்கள்மேல் போட்டுக்கொண்டீர்கள்.

"உம்மா எந்த ஊரு?" என்று கேட்டார்.

"இந்த ஊருதான். வாசல்ல நின்னா கடல் தெரியுமாம்."

 அவர் குரலைத் தாழ்த்தி, "எங்க உம்மாவுக்குக் கல்யாணத் துணி யஹூதிக் கடையிலதான் எடுத்தாங்களாம்" என்றார். பாஸ்போர்ட்டை மூடித் தள்ளினார். "இந்தப் பொண்ணு ஊருக்குப் போயிடும், அது என் பொறுப்பு. நீங்க இந்த வாரமே கிளம்பிடுங்க, காலா. அதுக்கு மேல நான் பாக்கலைன்னு சொல்ல முடியாது." உம்மாவின் தங்கையை அழைப்பதுபோல் காலா என்றார்.

செல்வி ஊர் போய்ச் சேர்ந்தாள். நீங்கள் வீட்டைக் கண்டுபிடிக்காமலே பெட்டி கட்டினீர்கள்.

டாக்ஸி வந்து நின்றது. எனக்கு வாயில் தமிழ்தான் வந்தது. "போயிட்டு வாங்க லாத்தா." நீங்கள் கார்க் கதவைப் பிடித்தபடி திரும்பினீர்கள். "என்ன சொன்னே? போயி? எங்க இப்ரானியில ஒரு பொண்ணைக் கிட்டே வரச்சொல்லிக் கூப்பிடுறதுக்கு அந்தச் சத்தம்தான்!" எங்கள் தமிழில் அது வழியனுப்புகிற சொல் என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுதுவிட்டோம்.

உங்கள் நாட்டிலிருந்து இங்கே பேச வழியில்லாததால், அதன்பின் லண்டன் போகும்போதெல்லாம் போன் செய்தீர்கள். கடைசி முறை குரல் மெலிந்திருந்தது. நோயைப் பற்றிச் சொல்லாமல் செல்வியின் பிள்ளைகளைப் பற்றியே கேட்டீர்கள். சென்ற மாதம் உங்கள் மகள் அழைத்து, நீங்கள் போய்விட்டதை ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். உங்களை அடக்கம் செய்யும்போது, வீடு இழந்த அந்தப் பாலஸ்தீனக் குடும்பத்தார் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்து நின்றார்களாம். இன்னா லில்லாஹி என்று சொல்லி நெடுநேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

செல்விக்குப் பிறகு வேறு பெண்களும் எங்கள் கதவைத் தட்டினார்கள், லாத்தா. தூதரகத்துக்குப் போகும் வழியும், அங்கே யாரிடம் எப்படிப் பேசுவது என்பதும் எனக்கு இப்போது பழகிவிட்டது. பயம் போகவில்லை. பயத்தோடேயே போய்வருகிறேன், நீங்களும் அப்படித்தான் போயிருப்பீர்கள்.

நேற்று நான் தொழுகையில் இருந்தபோது மணி அடித்தது. வாசலில் ஒரு பெண் விசும்பும் சத்தம். என் மாப்பிள்ளை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். தாழ்ப்பாளை விலக்கியது கேட்டது. பிறகு அவர் குரல்:

"உள்ளே வாம்மா. பயப்படாதே, இது நம்ம வீடு."