கடதாசி சுடுகிற பிள்ளைக்குப் புதுக் குழல்

லா சப்பல், பாரிஸ்
8 யூன் 2014

அன்பு மகள் லக்சிகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே அப்பா, அண்ணா, நான் மூவரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மெத்ரோப் படியைக் கண்டால் வேறு கதை சொல்லும். யூன் மாதத்திலும் கம்பளி போடுகிற அந்த நோர்வேயில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்கவேண்டும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வசனம் சொல்ல முன்னமே "வுய் மமோ, வுய் மமோ" என்று பிரெஞ்சில் ஓம் போட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கடைசிவரை வாசித்தே ஆகவேண்டும். புதன்கிழமைகளில் நீ கத்தக் கத்தத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது இதற்குத்தான்.

உன் அண்ணன் துஷ்யந்தனுக்கு லா கூர்னெவ் கிடங்கில் வேலை நிரந்தரமாகிவிட்டது. இனிப் பெண் பார்க்கட்டோ என்று கேட்டால் காதில் வயரைச் செருகிக்கொள்கிறான், தகப்பனுக்குத் தப்பாத பிள்ளை. என் இடியப்பத் தொழிலும் குறைவில்லை. ஆனால் போன மாதம் பியர்ஃபித்தில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்கு நிறைய இடியப்பம் கேட்டார்கள், பழைய உரலின் அச்சு தேய்ந்துபோனதால் அவசரத்துக்கு மலிவான ஒன்றை வாங்கிப் போட்டேன். ஒரு கண்ணால் நூலாகவும் மற்றக் கண்ணால் கயிறாகவும் வந்தது. அப்பா மா பிழை என்றார், பிறகு தண்ணீர் பிழை என்றார், கடைசியில் என் கை பிழை என்றார். நல்ல அச்சு வாங்கிப் போட்டபிறகு முதல் தட்டை அவர்தான் சாப்பிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு நீ அழுதது இன்னும் என் காதில் கிடக்கிறது. முன்பு குறிக் கடதாசியில் ஒரு நாணயத்துக்குள் அடங்கிய ஓட்டைகள் இப்போது தேநீர்த் தட்டு அகலத்துக்குப் பரவுகின்றன, துவக்கின் குழல் தேய்ந்துவிட்டது என்று குறிச்சூட்டுக் கழகத்தில் சொல்கிறார்கள் என்றாய். உங்கள் கழகத்துக்காரர் ஒருவர் கழற்றி வைத்திருக்கிற குழலைப் பூட்டினால் ஓகஸ்ட் தேசியப் போட்டிக்குப் போகலாம், நல்ல பட்டறையில் புதிதாய்ச் செய்வித்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இந்த வருடப் போட்டி இல்லை. அப்பா கையில் கிடைத்ததைப் பூட்டச் சொன்னார். நீ அதையும் கேட்கவில்லை, இதையும் கேட்கவில்லை. "குழலோ, என்ரை கையோ தெரியேல்லை. விட்டிடட்டோ அம்மா?" என்றாய். எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை அதை மட்டும் தமிழில் கேட்டாய். 

அதனால் நான் சும்மா இருக்கவில்லை. ஞாயிறுதோறும் இடியப்பம் வாங்க வருகிற பாண்டிச்சேரி லூசியன் ஐயாவை உனக்குத் தெரியும்தானே, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வெடுத்தவர், இப்போதும் குறிச்சூட்டுக் கழகத்துக்குப் போகிறவர். அன்று பின்னேரமே வந்தவரைக் கதிரையில் இருத்தி, சொதியும் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டேன். முதலில் குழலைக் குற்றம் சொல்ல முன்னம், சுட்ட குண்டு உரசி உள்ளே படிந்த செம்பை ஒழுங்காய்க் கழுவி, குறிபார்க்கிற கண்ணாடியும் பிடிக்கிற கட்டையும் பூட்டிய ஆணிகள் இறுக்கமா என்று பார்த்து, கழகத்தில் நன்றாய்ச் சுடுகிற வேறொருவரைக் கொண்டு மேசையில் வைத்துச் சுடுவித்துப் பார்க்கச் சொன்னார். அவருக்கும் பரவினால் உன் கையில் பிழை இல்லை. பிறகு குழலுக்குள் சின்னக் கமெரா விட்டு, சன்னம் புறப்படுகிற அடிப்பக்கம் எரிந்து வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம், அதிகம் தேய்வது அங்கேதானாம்.

புதிது வாங்குவதானால் பளபளப்பைப் பார்க்காதே என்றார். துளை தொடக்கத்திலிருந்து நுனிவரை ஒரே அளவாய் இருக்கவேண்டும், உள்ளே சுற்றி ஓடுகிற வரி நீ போடுகிற சன்னத்தின் நீளத்துக்கும் பாரத்துக்கும் ஏற்ற வேகத்தில் சுற்றவேண்டும், நுனி வாயில் ஒரு கீறலும் இருக்கக்கூடாது. மிகப் பாரமான குழல் நல்லதுதான், ஆனால் முழங்காலிலும் படுத்தும் சுடுகிற நீ அதைத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டுமே. இவ்வளவும் சொல்லிவிட்டு, "பாதி வேலைதாம்மா கனோன் செய்யும், மீதி அத மாட்டறவன் கை" என்றார், கனோன் என்று குழலைத்தான் சொல்கிறார். ஆகையால் பூட்டுகிறவரை முதலில் பிடி, எந்தப் பட்டறைக் குழல் என்று அவரிடமே கேள். கழகத்துக்காரரின் பழைய குழலைப் பற்றி நான் கேட்டதற்கு லூசியன் ஐயா சிரித்துவிட்டு, நன்றாய்ச் சுடுகிற குழலை அந்த மனுசன் ஏன் கழற்றினார் என்று திருப்பிக் கேட்டார். அப்பாவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பிள்ளை, நல்ல குழலுக்குக் காத்திரு. ஒரு ஓகஸ்ட் போனால் இன்னொரு ஓகஸ்ட் வரும். அவர் கழற்றிப்போட்ட குழலோடு போய் அங்கேயும் பரவினால் நீ உன் கையைத்தான் நம்பாமல் விடுவாய், அதைப் புதிதாய் வாங்க எந்தப் பட்டறையும் இல்லை.

நானா இதைச் சொல்கிறேன் என்று யோசிப்பாய். என் தம்பி, உன் யோகன் மாமா, ஊர்ச் சண்டையில் போனபிறகு துவக்கு என்ற சொல்லே இந்த வீட்டில் எடுபட்டதில்லை. அங்கே எல்லாம் அழிந்த இரண்டாயிரத்து ஒன்பதுக்குப் பிறகு கேட்கவும் வேண்டாம். உன் விளையாட்டு பட்மின்ரன் என்று நான் லா சப்பல் முழுக்கச் சொல்லி வைத்திருப்பதும், அதை நம்பி என் சினேகிதி இம்மாகுலேற் அக்கா உனக்கு ராக்கெற் வாங்கித் தந்ததும் நீ சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற பகிடிதான். அந்த ராக்கெற் இந்த வெள்ளிவரை குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே தூசி பிடித்துக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைச் சீட்டு எழுதுகிற மகாலிங்கம் அண்ணை உன் பெயரையும் உத்தராட நட்சத்திரத்தையும் கேட்காமலே எழுதிவிட்டு, "பட்மின்ரனுக்குத்தானே தங்கச்சி?" என்று ஊருக்கே கேட்கக் கேட்டார். ஓம் என்று சொல்ல வாய் எடுத்தேன். வருடா வருடம் பட்மின்ரனுக்கு அர்ச்சனை செய்துவிட்டுத் துவக்குச் சூட்டுக்கு வரம் கேட்டால் பிள்ளையார்தான் என்ன செய்வார், பாவம். அதோடு நீ கேட்ட அந்தத் தமிழ்க் கேள்வியும் நெஞ்சுக்குள் நின்றது. "இல்லை அண்ணை, பிள்ளை துவக்குச் சுடுறவள். புதுக் குழல் செய்விக்கிறாள், அது நேராய் வரவேணும்" என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் நின்ற இம்மாகுலேற் அக்கா, அவ மாதா கோயில்காரி, என்னோடு துணைக்கு வந்தவ, மெல்ல என் கையைப் பிடித்து, "ஆரைச் சுடுறாள் பிள்ளை?" என்று கேட்டா.

"கடதாசியை அக்கா" என்றேன். "இவள் கடதாசியை மட்டும்தான் சுடுறவள்."

அக்கா அழுதா. அவவுக்கும் ஒரு மகன் இருந்தான், உனக்குத் தெரியும். நானும் அழுதேன், ஆனால் அது நல்ல அழுகை, வெளியே வந்து இரண்டு பேரும் ரீ குடித்தோம். ராக்கெற்றைத் திருப்பித் தரட்டோ என்று கேட்டேன், பேரனுக்கு உதவும் என்று வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டா.

நீ நீண்ட ஆயுளோடும் தளராத மனதோடும் இருக்க அப்பனும் அம்மையும் துணை நிற்கட்டும். பூட்டுகிற நாளைச் சொன்னால் அட்டமி நவமி இல்லாமல் பார்த்துச் சொல்வேன், சிரிக்காதே. ஒன்றை மறவாதே, புதுக் குழலால் நீ சுடுகிற முதல் கடதாசியை எனக்கு அனுப்பு. ஓட்டைகள் பரவியிருந்தாலும் அனுப்பு. குளிர்சாதனப் பெட்டியைத் துடைத்து, வருகிறவர்கள் எல்லாரும் காணக்கூடியதாய் ஒட்ட இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

உன் மேல் உயிரான அம்மா,
தவரத்தினம் சாரதாதேவி