தங்கராசு ஐயாவின் மிஸ்டு கால்

தை 20, செவ்வாய்

மழை இன்னும் விடவில்லை. தங்கராசு ஐயாவின் நெல் நனையாமல் வீடு சேர்ந்துவிட்டது. இப்போதுதான் எனக்கு மூச்சு வருகிறது.

எங்கள் அறுவடை மெஷின் வாடகை வேலையைப் போன வாரம்தான் கிளவுட் சாஃப்ட்வேருக்கு மாற்றினேன். அறுப்புக்கு முந்தின நாள் விவசாயிக்கு மெசேஜ் போகும். இரண்டு மணி நேரத்துக்குள் ‘சரி’ என்பதை அழுத்தாவிட்டால் புக்கிங் தானாக ரத்தாகிவிடும். அந்த நிபந்தனையை வைத்தது நான்தான். அதில் பெருமை வேறு.

காலையில் பார்த்தால் ஐயாவின் புக்கிங் ரத்து. ஆனால் மேப்பில் மெஷின் அவர் வயலில் நிற்கிறது. டிரைவர் பஷீரைப் போனில் பிடித்துக் கத்தினேன்.

“ரத்துன்னு எனக்கும் வந்துச்சுக்கா. ஆனா ஐயா நேத்தே எனக்கு மிஸ்டு கால் குடுத்துட்டாரே. வருஷா வருஷம் அதானே அவரு சரிங்கறது? பாதி அறுத்தாச்சு.”

மீதியையும் அறுக்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். மூன்று மணிக்கு நெல் டிராக்டரில் ஏறியது. நான்கு மணிக்கு மழை கொட்டியது. பஷீர் மட்டும் சாஃப்ட்வேர் சொன்னதைக் கேட்டிருந்தால்... வேண்டாம், நினைக்க வேண்டாம்.

மிஸ்டு கால் வந்தாலும் சம்மதம்தான் என்று நாளைக்கே அதில் சேர்க்க வேண்டும். பஷீரிடம் மன்னிப்பும்...

இதை எழுதும்போதே போன் ஒரே ஒரு முறை அடித்து நின்றது. தங்கராசு ஐயா.