பெடலுக்கும் பாதத்துக்கும் நடுவே

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. எனக்கே ஒன்றும் புரியாதபோது நலமா இல்லையா என்று எப்படிச் சொல்வது? போனில் சொல்லலாம் என்றால் அப்பா என் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கிறார். அதனால்தான் கடிதம். பொறுமையாகப் படி, பாதியில் கோபித்துக்கொள்ளாதே.

அப்பாவின் தையல் கோணிப்போகிறது என்று சொல்லியிருந்தேன் அல்லவா? அப்பாவிடமே எப்போதும் தைக்கும் வக்கீலின் சட்டைக் காலர் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கியிருந்தது. "உங்க கை பட்ட சட்டையா இது?" என்று அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அன்று முழுக்க அப்பா சாப்பிடவில்லை. கண் டாக்டரிடம் போனோம், கண் நன்றாக இருக்கிறது என்றார். கை நடுக்கமோ என்று நரம்பு டாக்டரிடம் போனோம். கையை நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். இதற்கு நடுவில் குளியலறை வாசலிலும் மாடிப்படியிலும் தடுக்கி விழப்பார்த்தார். நீயோ, "போதும், மிஷினை வித்துடு, அவர் உக்காந்து சாப்பிடட்டும்" என்றாய். நானும் அதை வாங்க ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. மிஷின் இல்லாமல் அவர் என்ன செய்வார்?

இனிமேல்தான் குழப்பமே. நீ அனுப்பினாயே, மெத்தை போட்ட மாதிரி அடி தடித்த ஷூ, அதை "வீட்டுக்குள்ளயும் கழட்டாதீங்கப்பா, சர்க்கரை இருக்கிற காலு" என்று நீ சொன்னது அவருக்கு வேதவாக்கு. தூங்கும்போது மட்டும்தான் கழற்றுகிறார். தைக்க உட்கார்ந்தாலும் அதேதான். போன வியாழக்கிழமை என் வீட்டுக்காரர் அதன்மேல் டீயைக் கொட்டிவிட்டார். அவர் கை ராசி அப்படி! நான் கழுவிக் காயவைத்தேன். அன்று அப்பா வெறுங்காலோடு மிஷினில் உட்கார்ந்தார். தையல், நூல் பிடித்தாற்போல நேராக ஓடியது. மறுநாள் ஷூ காய்ந்தது, தையல் மறுபடி கோணியது. முதலில் சிரித்தேன், பிறகு அழுகை வந்தது. கண், கை, நரம்பு என்று ஊரெல்லாம் அலைந்த நமக்குக் குனிந்து காலைப் பார்க்கத் தோன்றவில்லையே.

கால் டாக்டரிடம் கூட்டிப்போனேன். "அடி இவ்வளவு மெத்துன்னு இருந்தா தரை எங்க இருக்குன்னே பாதத்துக்குத் தெரியாதும்மா. பெடல் எவ்வளவு அமுங்குதுன்னு எப்படித் தெரியும்? தடுக்கத்தான் செய்யும்" என்றார். முன்பக்கமும் குறுகலாம், விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. சரி, வெறுங்காலே போதுமே என்றால் அதுவும் கூடாதாம். காலில் இப்போதைக்கு உணர்ச்சி நன்றாக இருக்கிறதாம், ஆனால் சர்க்கரை உள்ளவருக்கு ஒரு புண் வந்தால் ஆறுவது கஷ்டமாம். தையல்காரர் வீட்டில் கீழே கிடக்கும் ஊசிக்கா பஞ்சம்? அடி மெல்லியதாக, முன்பக்கம் மூடி அகலமாக, பின்னால் பட்டை வைத்த செருப்பாக வாங்கச் சொன்னார். கடைக்காரரோ, "வயசானவங்களுக்கு மெத்தைதாம்மா நல்லது" என்று சத்தியம் பண்ணாத குறை. யார் சொல்வதைக் கேட்பது? மண்டை காய்ந்துவிட்டது. கடைசியில் டாக்டர் சொன்னதையே வாங்கினேன், மிஷின் விற்கும் பேச்சையும் நிறுத்திவிட்டேன்.

அப்பா புதுசைத் தொடவே இல்லை. கெஞ்சினேன், கத்தினேன், பலிக்கவில்லை. நேற்றுத்தான் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "அவன் அனுப்புன இந்த ஷூ வந்ததிலேருந்துதான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் பண்றான். ஷூ போட்டிருக்கீங்களான்னு கேக்குறான். கழட்டிட்டா அப்புறம் என்னத்தக் கேப்பான்?"

அண்ணா, நீ பார்த்துப் பார்த்து வாங்கினாய் என்பது எனக்குத் தெரியும், உன்மேல் வருத்தமில்லை. அந்த ஷூவைக் கழற்றிவிட்டுப் புதுசைப் போடும்படி நீயே உன் வாயால் சொல்லிவிடு. சொன்னதும் போனை வைத்துவிடாதே. சாப்பிட்டீர்களா என்று கேள், மழை பெய்ததா என்று கேள், ஒன்றுமே தோன்றாவிட்டால் என்னைப் பற்றியாவது குறை சொல். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பேசு. கேட்க ஒன்றும் இல்லாவிட்டாலும் பேசு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் வாயாடித் தங்கை